நாராயணம்மா போட்ட மெட்டு

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் மேடைக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு நாராயணம்மாவைத் தெரியாமல் இருக்காது. கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, நெற்றியில் அகலமான பொட்டு, தோளில் கிடார். முப்பது வருடத்தில் அவள் பாடாத இடம் குறைவு. தொழிற்சாலை வாசலில் பாடியிருக்கிறாள், தேர்த் திருவிழாவில் பாடியிருக்கிறாள், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் காபி குடிக்கும் கடையிலும் பாடியிருக்கிறாள். அதில் பத்தொன்பது வருடம் அவள் மனதில் ஒரே ஒரு ஆள் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் சுரேந்தர்.

அவள் பிறந்தது அஞ்செட்டிக்குப் போகும் மலைச் சாலையில் இறங்கி, காட்டோரமாக இரண்டு மைல் நடந்தால் வரும் காலனியில். அப்பா ஆஞ்சப்பன் பண்ணை வேலைக்குப் போவார், சாவுக்குத் தப்பட்டை அடிப்பார். அம்மா ஒப்பாரி பாடுவாள். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெரிய வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் வருவது அவள் அம்மாவைத் தேடித்தான். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், சந்தையில் கன்னடம் பேசுவார்கள், பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தால் அம்மாவுக்குத் தமிழ்தான் வரும்.

பிணத்தோடு ஊர் எல்லை வரைக்கும்தான் பெண்கள் போகலாம். அங்கே பாடையை இறக்கி, தலைப் பக்கத்தைத் திருப்பி மறுபடி தூக்குவார்கள். அந்த நேரத்தில் பாடுவதற்கென்று ஒரு மெட்டு உண்டு. எல்லைப் பாட்டு என்பார்கள். வார்த்தை ஆளுக்கு ஆள் மாறும், மெட்டு மாறாது. அதை வேறு எங்கேயும், வாய் தவறிக்கூட, யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

பத்தாவது முடித்ததும் நாராயணம்மா ஓசூருக்கு வந்து, சுவிட்ச் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே தொழிலாளர் மன்றம் என்று ஒரு அறை இருந்தது. கேரம் போர்டுகளுக்கு மேலே, யாரோ விட்டுவிட்டுப் போன கிடார் ஒன்று இரண்டு கம்பி அறுந்து கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்துத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். அறுந்த இடத்தில் சைக்கிள் பிரேக் ஒயரின் இழையைப் பிரித்துக் கட்டினாள். எப்படிச் சுதி சேர்ப்பது என்று சொல்ல ஆளில்லை. அம்மாவின் குரலுக்கு எது ஒத்து வருகிறதோ அப்படித் திருகி வைத்தாள். பின்னாளில் கிடார் படித்தவர்கள் அவள் வாத்தியத்தைக் கையில் வாங்கினால் திணறிப் போவார்கள். அவளைத் தவிர யார் வாசித்தாலும் அது பேசாது.

இருபத்து மூன்று வயதில் பெரியதம்பி என்ற லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. சுசித்ரா என்று பெயர் வைத்தார்கள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, மூன்று மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. நாளைக்கு இரண்டு முறைதான் பஸ். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு சாலையில் போய் நின்றாள். வளைவில் யானைக் கூட்டம் நிற்கிறது என்று பஸ் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. அவள் நடந்தாள். தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, நர்ஸ் குழந்தையை வாங்கிப் பார்த்துவிட்டு, துணியால் முகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

பெரியதம்பி ஒரு வருடத்துக்குள் பிரிந்து போனான். நாராயணம்மாவிடம் மிஞ்சியது ஒரு தாலாட்டு. அவளே கட்டியது.

*மலையேறி வந்த பஸ்ஸு*
*மடங்கிப் போச்சே கண்ணே*
*மடிதானே ஒனக்கு வீடு*
*மண்ணெதுக்கு கண்ணே*

அதை அவள் மேடையில் பாடியதில்லை.

சுவிட்ச் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தபோது சுரேந்தரின் இன்னிசைக் குழுவில் சேர்ந்தாள். அவன் பாரூர்ப் பக்கம். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் குடும்பம். படித்தது பெங்களூரில். சொந்தமாக வேன், ஒலிபெருக்கி, எட்டு வாத்தியக்காரர்கள். குரல் நல்ல குரல்தான், அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பாட்டானாலும் கடைசி முறை வரும்போது கையை உயர்த்தி வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்துவான். கண்ணை மூடி, பல்லவியை மெதுவாக இழுத்து, தனியாகப் பாடி முடிப்பான். கைதட்டல் அங்கேதான் விழும்.

பதினொரு வருடம் அவனுக்குக் கிடார் வாசித்தாள். பாட்டும் கட்டிக் கொடுத்தாள். கேசட் அட்டையில் ‘பாடல், இசை: சுரேந்தர்’ என்றே வந்தது. அவளுக்கு மேடை வேண்டியிருந்தது, பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் பென்னாகரம் கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது, மற்றவர்கள் எல்லாம் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து, ஜன்னலோரமாக உட்கார்ந்து அந்தத் தாலாட்டைப் பாடினாள். முன் சீட்டில் சுரேந்தர் விழித்திருந்தது அவளுக்குத் தெரியாது.

ஆறு மாதம் கழித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுமனை விளம்பரம் செய்துகொண்டு ஒரு ஆட்டோ வந்தது. மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கியில் சுரேந்தரின் குரல், துள்ளலான தாளத்தோடு:

*மலையோரம் வந்த மனைங்க*
*மடமடன்னு போகுது அண்ணே*
*மனைதானே உங்க சொத்து*
*மறக்காம வாங்க அண்ணே*

டீ கிளாஸ் கையிலிருந்து எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆட்டோ பஸ் ஸ்டாண்டை மூன்று சுற்றுச் சுற்றியது. மூன்று முறையும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் ஒத்திகை. எல்லார் முன்னாலும் அவனிடம் கேட்டாள். "சார், அது செத்துப்போன என் கொழந்தைக்குக் கட்டுன பாட்டு. அதை வெச்சு மனை விக்கிறீங்களா?"

சுரேந்தர் கீபோர்டு ஒயரைச் சரிசெய்துகொண்டே சிரித்தான். "ஒப்பாரி வைக்கிற கூட்டத்துல இருந்து வந்தவ நீ. மேடையேத்தி நாலு பேரு முன்னாடி கிடார் புடிக்க வெச்சது நான். பாட்டு உன்னுதுன்னா எங்க எழுதி வெச்சிருக்க? காட்டு பார்க்கலாம்."

எழுதி வைத்த காகிதம் எதுவும் அவளிடம் இல்லை. எட்டுப் பேரும் அவரவர் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கிடாரிலிருந்து ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"காகிதம் எதுக்கு? உன் வாயால சொல்ல வைக்கிறேன். மைக்குல சொல்ல வைக்கிறேன்."

"போம்மா, போய் எதாச்சும் சாவு வீட்டப் பாரு" என்றான்.

அது இரண்டாயிரத்து நான்காம் வருடம். அதற்கப்புறம் பத்தொன்பது வருடம் போனது.

அந்தப் பத்தொன்பது வருடத்தில் நாராயணம்மா செய்யாத வேலை இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களை வெளியே நிறுத்திய கம்பெனி வாசல்களில் வெயிலில் நின்று பாடினாள். தேர்தல் வந்தால் இந்தக் கட்சிக்கும் எழுதினாள், அந்தக் கட்சிக்கும் எழுதினாள். யானை வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று வனத்துறைக்காக ஊர் ஊராகப் பாடினாள். அந்தப் பாட்டில் திரும்பிப் போன பஸ்ஸைப் பற்றி ஒரு வரி சேர்த்தாள். அதிகாரிகள் எடுக்கச் சொன்னார்கள். எடுக்க மாட்டேன் என்றாள். டிசம்பரில் சர்ச் பிள்ளைகளோடு வீடு வீடாகப் போனாள். பெங்களூரில் வாரத்துக்கு ஒரு நாள் கன்னடப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் கலந்து பாடினாள். அங்கே அவளை ‘ஃபோக் கிடாரிஸ்ட்’ என்று பலகையில் எழுதினார்கள். அவளும் அப்படியே சொல்லிக்கொண்டாள்.

ஒவ்வொரு புதுப் பாட்டையும் தேதி போட்டு எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தன் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்புவாள். வந்து சேரும் உறையைப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் வைப்பாள். தபால்காரர், "ஏங்க்கா, உங்களுக்கு நீங்களே என்ன எழுதிக்கிறீங்க?" என்று கேட்டபோது, "ஒருத்தனுக்குப் பதில் எழுதி வெச்சிருக்கேன்" என்றாள்.

போன இடமெல்லாம் சுரேந்தரைப் பற்றிச் சொன்னாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் எழுதினால் என்ன, பாட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். அவன் வளர்ந்துகொண்டே போனான். யூடியூப் சேனல் வைத்தான். ‘மண்ணின் கவிஞர்’ என்று ஒரு சங்கம் பட்டம் கொடுத்தது. பேட்டிகளில், தன் பாட்டெல்லாம் பாரூர் ஏரிக்கரையில் பிறந்தவை என்று சொன்னான். அவள் அந்தப் பேட்டிகளைத் தேடித் தேடிப் பார்த்தாள். கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காகவே பார்த்தாள்.

பிறகுதான் வெங்கட் விஷயம் தெரிந்தது. வெங்கட் அவளுக்குக் கீபோர்டு வாசிக்கும் பையன். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன், வருமானத்துக்கு சுரேந்தரிடமும் போய் வருவான். அவளிடம் ஒத்திகையில் கேட்ட இரண்டு மெட்டு, மாதம் திரும்புவதற்குள் சுரேந்தரின் சேனலில் வந்திருந்தது. வெங்கட்டைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும் என்று முதலில் தோன்றியது. ஒரு வாரம் யோசித்தாள். திட்டவில்லை. முன்னைவிட அன்பாக நடத்தினாள்.

அடுத்த தையில் சுரேந்தரின் மகள் யுவஸ்ரீக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீடு தேன்கனிக்கோட்டை. மாப்பிள்ளையின் அப்பா சென்னகிருஷ்ணன் பெரிய விவசாயி. அவருடைய அப்பா செத்தபோது ஊர் எல்லை வரை பாடிக்கொண்டு போனது நாராயணம்மாவின் அம்மா. நாராயணம்மாவும் அன்று கூடப் போயிருந்தாள், பன்னிரண்டு வயது.

கல்யாணப் பத்திரிகை, அவளும் உறுப்பினராக இருந்த கலைஞர் சங்கத்துக்கு வந்தது. அன்று இரவு அவள் தூங்கவில்லை. காலையில் கிடாரை எடுத்து அம்மாவின் எல்லைப் பாட்டு மெட்டை வாசித்தாள். அதை இரண்டு மடங்கு வேகமாக்கினாள். தாளத்தை மாற்றினாள். கும்மி போலக் குதித்தது. அதற்கு வார்த்தை போட்டாள்.

*பூவால தேரு கட்டி*
*பொன்னான சேலை சுத்தி*
*போறாளே மகராசி*
*புதுவீடு போறாளே*

மணப்பெண்ணுக்கும் பொருந்தும், பிணத்துக்கும் பொருந்தும். தன் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் போட்டாள். அடுத்த ஒத்திகையில் வெங்கட்டுக்கு வாசித்துக் காட்டினாள்.

"செம்மையா இருக்குதுக்கா" என்றான். "கல்யாணப் பாட்டா?"

"ஆமா. பெங்களூர்ல ஒரு பெரிய எடத்துக்கு. இன்னும் யாருக்கும் காட்டல. நீ வாய வெச்சிக்கினு சும்மா இரு."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் போனில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. பதிவாகிக்கொண்டிருக்கிறது. அவள் இன்னொரு முறை, தெளிவாக, பாடிக் காட்டினாள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. தேன்கனிக்கோட்டை மண்டபம் நிறைந்திருந்தது. நாராயணம்மா கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்தாள், மடியில் கைப்பை. சுரேந்தர் பட்டு வேட்டியில் மேடையேறினான். மைக்கைப் பிடித்தான்.

"என் தங்கத்துக்காக மூணு நாளாத் தூங்காம நானே எழுதி, நானே மெட்டுப் போட்ட பாட்டு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

பாட்டு ஆரம்பித்தது. கூட்டம் தாளம் போட்டது. பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடின. மாப்பிள்ளைப் பக்கத்தில் வயதானவர்கள் சிலர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார்கள். என்னவோ தட்டுப்பட்டது, இன்னதென்று பிடிபடவில்லை. நாராயணம்மா அசையாமல் இருந்தாள். அவள் காத்திருந்தது கடைசி முறைக்கு.

சுரேந்தர் கையை உயர்த்தினான். வாத்தியங்கள் நின்றன. கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, இழுத்து, தனிக் குரலில் ஆரம்பித்தான். ‘பூவால தேரு கட்டி...’

வேகம் போனதும் மெட்டு தன் பழைய உருவத்துக்கு வந்துவிட்டது. முன் வரிசையில் சென்னகிருஷ்ணனின் பெரியப்பா மகன் ராமப்பன், "அய்யோ" என்று எழுந்தார். மாப்பிள்ளையின் அம்மா சரோஜம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். மலைப் பக்கத்து ஜனம் அத்தனையும் எழுந்து நின்றது. பாரூர் ஜனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சுரேந்தர் கண்ணை மூடியிருந்ததால், எழுந்து நின்று பாராட்டுகிறார்கள் என்று சத்தத்தை வைத்து நினைத்திருக்க வேண்டும். இன்னும் உருக்கமாக இழுத்தான்.

"நிறுத்துய்யா!" சென்னகிருஷ்ணன் மேடையேறி மைக்கை வாங்கினார். "எங்கப்பன எல்லையில எறக்கி வெச்சப்ப பாடுன பாட்டு இது. எங்கூட்டுக்கு வர்ற பொண்ணுக்குச் சாவுப் பாட்டா பாடுற? என்னா நெனச்சிக்கினு பாடுற?"

சுரேந்தர் கண்ணைத் திறந்தான். "இல்லீங்க சம்பந்தி... அப்படி எதுவும்..."

"நீயே மெட்டுப் போட்டேன்னு இப்பத்தான சொன்ன!"

"பையனக் கூட்டிக்கினு வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றாள் சரோஜம்மாள். மாப்பிள்ளை எழுந்தான். யுவஸ்ரீ மாலையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"பாட்டு என்னுது இல்லீங்க" என்றான் சுரேந்தர். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. "நாட்டுப்புற மெட்டுங்க. யாருதுன்னே தெரியாது. யாரோ பாடுனாங்க, எடுத்துக்கிட்டேன்."

கடைசி வரிசையிலிருந்து நாராயணம்மா எழுந்து நடந்து வந்தாள். கூட்டம் வழிவிட்டது. கைப்பையிலிருந்து உறையை எடுத்து சென்னகிருஷ்ணனிடம் நீட்டினாள். "தபால் முத்திரைத் தேதியப் பாருங்க. அப்பறமா பிரிங்க."

அவர் பிரித்தார். படித்தார். வரிக்கு வரி அதே பாட்டு, அடியில் அவள் கையெழுத்து. நிமிர்ந்தபோது அவர் கண் அவள் மேல் கனலாக இருந்தது. "ஒங்கம்மா மெட்டு. இதப் போய் கல்யாண வூட்டுக்குன்னு எழுதுனியா நீ?"

"திருடறவனுக்குன்னு எழுதுனேன். திருடாம இருந்தா இங்க ஒலிச்சிருக்காது."

சென்னகிருஷ்ணன் சுரேந்தரைப் பார்த்தார். "யாரு பாட்டுன்னு மைக்குல சொல்லு. சொன்னாத்தான் காலைல முகூர்த்தம்."

சுரேந்தர் மைக்கை வாங்கினான். "இந்தப் பாட்டு... நாராயணம்மாவுது."

"தாலாட்டையும் சொல்லச் சொல்லுங்க" என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்த்தான். பத்தொன்பது வருடத்துக்கு அப்புறம் முதல் முறையாக நேருக்கு நேர். "வேணாம் நாராயணம்மா. புள்ள கல்யாணம்."

"என் புள்ளைக்கும் சேத்துத்தான் கேக்கறேன்."

சொன்னான். மனை விளம்பரத்துக்குப் பாடியது அவள் தாலாட்டு என்றான். கேசட்டில் வந்த பாட்டுகளில் பாதிக்கு மேல் அவளுடையவை என்றான். கேட்காததையும் சொன்னான். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியாதவன் போல, பாட்டின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். வெங்கட் கீபோர்டுக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான்.

நாராயணம்மா வாசலுக்கு வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது யுவஸ்ரீ பின்னால் வந்தாள். கழுத்தில் மாலை, கண் மை கரைந்திருந்தது.

"உங்களுக்கும் அவருக்கும் பகைன்னா அவரோட தீர்த்திருக்கலாமே. என் கல்யாணம்தான் கிடைச்சுதா?"

"என் மகள வெச்சு உங்கப்பா மனை வித்தாரும்மா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அப்ப எனக்கு அஞ்சு வயசு."

நாராயணம்மா செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். இத்தனை வருடம் யோசித்ததில் இந்தப் பெண்ணை அவள் ஒரு மேடையாகத்தான் நினைத்திருந்தாள். "உன்மேல தப்பில்ல" என்றாள் கடைசியில். "ஆனா செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். பொய்யாக் கேட்டா உனக்கே தெரியும்."

யுவஸ்ரீ மாலையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு திரும்பி உள்ளே போனாள். காலையில் முகூர்த்தம் நடந்தது. தாலி கட்டும்போது மேளத்தைத் தவிர வேறு பாட்டு வைக்கக் கூடாது என்று சரோஜம்மாள் சொல்லிவிட்டாளாம்.

காலனியில் நாராயணம்மாவுக்குப் பாராட்டு கிடைக்கவில்லை. எல்லைப் பாட்டை விளையாட்டுக்கு எடுத்தவள் என்று சித்தி முறைக்காரிகள் முகம் கொடுக்க மறுத்தார்கள். வெங்கட் வந்து காலில் விழுந்தபோது, "நல்ல காதுடா உனக்கு, ஒரு சங்கதி விடாம கொண்டுபோய்ச் சேத்திருக்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அப்புறம் அவனை ஒத்திகைக்குக் கூப்பிடவில்லை. பழைய வீடியோக்களுக்குக் கீழே ஜனங்கள் அவள் பெயரை எழுத ஆரம்பித்தார்கள். தாலாட்டைப் பாடச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். ஒருமுறை சூளகிரி மேடையில் முயற்சி செய்தாள். முதல் வரியிலேயே கூட்டத்தில் யாரோ விளம்பரத் தாளத்தைக் கைதட்டினார்கள், பாவம், வேண்டுமென்று இல்லை. நிறுத்திவிட்டு வேறு பாட்டுக்குப் போனாள்.

போன வருடம் கலைஞர் சங்கத்தில் அவளைச் செயற்குழுவில் போட்டார்கள். உறுப்பினர் அட்டை புதுப்பிக்கும் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. கிருஷ்ணகிரி அலுவலகத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அடுக்கில் பதினான்காவதாக சுரேந்தரின் விண்ணப்பம் இருந்தது. அவன் வரவில்லை, யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தான். ‘கலைப் பிரிவு’ என்ற கட்டத்தில் பழைய வழக்கப்படி தட்டச்சு செய்திருந்தது: பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர்.

அலுவலக உதவியாளர் பிரியதர்ஷினி எட்டிப் பார்த்தாள். "திருப்பி அனுப்பிடலாமாக்கா?"

"எதுக்கு? பாடகர்தான, நல்லாப் பாடுவான்."

நாராயணம்மா சிவப்புப் பேனாவை வாங்கினாள். இரண்டாவது வார்த்தையை அடித்தாள். மூன்றாவதையும் அடித்தாள், பின்பக்கத்தில் தடம் விழும் அளவுக்கு அழுத்தி. அதன் கீழே கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, பதினைந்தாவது விண்ணப்பத்தை எடுத்தாள்.